பாய்மரப் படகின் இரவுக் காவல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து பினாங்குத் தீவுக்குப் பாய்மரப் படகில் இரவு முழுவதும் பயணம் செய்வது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் அக்கட்டுரையில் சொல்லப்பட்ட மூன்று செய்திகள், அதை நம்பிப் பணம் கட்டிப் புறப்படுகிற நம் சேலம் மாவட்டத்துக் குடும்பங்களை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இரவில் தானியங்கிக் கருவியே படகைச் செலுத்திவிடும் என்பதால் அனைவரும் நிம்மதியாக உறங்கலாம் என்பது முதலாவது. பாய்மரப் படகுக்கு மற்ற எல்லாக் கப்பல்களும் சட்டப்படி வழிவிட்டாக வேண்டும் என்பது இரண்டாவது. ஆண்டின் எந்த மாதத்திலும் போகலாம் என்பது மூன்றாவது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அறுபது வயதுவரை நான் ஏறிய ஒரே படகு ஏற்காடு ஏரியில் வாடகைக்கு விடப்படும் துடுப்புப் படகு. ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதத்தில் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், அக்கட்டுரை விவரிக்கும் அதே வழியில், 38 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் நான் சென்றிருக்கிறேன். பயணியாக மட்டும் செல்லவில்லை. அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை அப்படகின் காவல் என் பொறுப்பில் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் செய்த ஒரு பிழையையும் கீழே மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

படகு, பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழரான என் தங்கை மருமகனுடையது. அவரும் என் தங்கை மகளும், அவருடைய சீன நண்பர் ஒருவரும், நானுமாக நான்கு பேர். லங்காவியின் குவா நகரத்துக்கும் பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாய்மரப் படகின் வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல், 9 கிலோமீட்டர் சொச்சம். மிதிவண்டியில் அவசரமில்லாமல் போகிறவர்கூட அதைத் தாண்டிவிடுவார். ஆகவே பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். மாலை 7 மணிக்குப் புறப்பட்டால் மறுநாள் விடிந்த பிறகு பினாங்குத் துறைமுகத்தின் வாயிலை அடையலாம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அந்த மாதத்தில் அங்கே சூரியன் உதிக்கவே ஏறத்தாழ ஏழரை மணி ஆகிவிடுகிறது. முன்பின் தெரியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் இரவில் புறப்படுகிறார்களே ஒழிய, நட்சத்திரம் பார்ப்பதற்காக அல்ல.

தானியங்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: திசைகாட்டி காட்டும் ஒரு பாகையில் படகின் முகத்தை நிலைநிறுத்துவது. எதிரே என்ன வருகிறது என்பது அதற்குத் தெரியாது. கடலின் நீரோட்டத்தை (நம் கடற்கரை மீனவர்கள் நீவாடு என்பார்கள்) அது அறியாது. 1 நாட் வேகமுள்ள ஒரு நீவாடு பக்கவாட்டில் இழுத்தால், படகின் முகம் அணுவளவும் திரும்பாமலே பன்னிரண்டு மணி நேரத்தில் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். காற்று திசை மாறினால் பாயின் நிலையும் மாற வேண்டும். அதையும் அது செய்யாது. மலைப்பாதையில் ஓட்டுநர் இல்லாமல் வண்டியை மூன்றாவது கியரில் விட்டுவிட்டு உறங்குவதற்கு ஒப்பானது அது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் ஏறி இறங்கிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்காக 1972-இல் ஏற்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதிகளின் ஐந்தாம் விதி, ஒவ்வொரு கலமும் எல்லா நேரத்திலும் கண்ணாலும் காதாலும் தகுந்த காவல் பார்க்க வேண்டும் என்கிறது. எல்லா நேரத்திலும் என்பதற்கு இரவு விலக்கு இல்லை. சிறிய படகும் விலக்கு இல்லை. இதற்குள்ள காரணம் வெறும் கணக்குதான். ஐம்பது மீட்டருக்குமேல் நீளமுள்ள கப்பலின் கம்பத்து உச்சியில் எரியும் வெள்ளை விளக்கு குறைந்தது 6 கடல் மைல் தூரம் தெரிய வேண்டும் என்பது விதி. அந்தக் கப்பல் 20 நாட் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, நாம் 5 நாட் வேகத்தில் அதை நோக்கிப் போகிறோம் என்றால், விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை உள்ள நேரம் 14 நிமிடம் சொச்சம். ஒருவர் கீழே இறங்கி, அடுப்பு மூட்டி, தேநீர் போட்டுக்கொண்டு மேலே வருவதற்குள் அது முடிந்துவிடும். என் தங்கை மருமகன் படகில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, பாயின் மறைவுக்குப் பின்னாலும் குனிந்து பார்த்து, சுற்றுமுற்றும் முழு வட்டம் பார்க்க வேண்டும் என்று கட்டளை. இந்தக் கணக்கைத்தான் அவர் என்னிடம் போட்டுக் காட்டினார்.

இங்கே என் பழைய தொழிலைச் சற்று நினைவுகூர அனுமதிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பறித்த காப்பி களத்தில் காயும். மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இரவுக் காவலுக்கு ஆள் வைப்போம். எதிர்பாராத மழை வந்தாலும், மூட்டைக்குக் கை நீண்டாலும், காட்டுமாடு களத்துக்குள் இறங்கினாலும் அவர் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அவர் மணிக்கொரு முறை, தொங்கவிடப்பட்ட தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிப்பார். புதிதாக வந்தவர்கள் அது நேரம் அறிவிக்கும் மணி என்று நினைப்பார்கள். நேரத்தை யார் கேட்டார்கள்? காவல்காரர் விழித்திருக்கிறார் என்பதை மற்றவர்கள் படுக்கையில் இருந்தபடியே தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. மணி ஒலிக்காத இரவுகளில் நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். படகில் அந்தத் தண்டவாளத் துண்டுக்குப் பதிலாக ஒரு பதிவேடு இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை நேரம், படகின் நிலை, திசைகாட்டி காட்டும் பாகை, வேகம், காற்று, கண்ணில் படும் விளக்குகள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் இட வேண்டும். கணக்கராக இருந்தவன் என்பதால் அந்தப் பதிவேட்டை என்னிடம் தரும்போது, இதையாவது ஒழுங்காகச் செய்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

லங்காவிக்குத் தெற்கே டயாங் பன்டிங் தீவைத் தாண்டியதும் வாடைக்காற்று சீராகக் கிடைத்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் அது நிலப்பக்கத்திலிருந்து வருவதால், கடல் பெரிதாக எழும்புவதில்லை. எங்கள் போக்கு தென்கிழக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்டது. ஆகவே காற்று இடப்பக்கத்திலிருந்து சற்றே பின்னால் வந்தது, படகு வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. கேட்பதற்கு எளிது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் சாய்ந்த தரையில் இருப்பது என்றால், உண்பதும் உட்காருவதும் படுப்பதும் ஏதாவதொன்றில் காலை ஊன்றிக்கொண்டு செய்கிற வேலைகள். கீழே உள்ள அறையில் சமைக்க நேர்ந்த என் தங்கை மகளுக்கு முதல் இரண்டு மணி நேரத்திலேயே குமட்டல் வந்துவிட்டது. அடிவானத்தைப் பார்த்தால் சரியாகும் என்றார்கள். அமாவாசை இருட்டில் அடிவானம் ஏது? நான் ஏற்காட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன காப்பிப்பொடி அன்றிரவு திறக்கப்படவே இல்லை.

இரவுக் கடலில் உண்மையான சிரமம் தூரத்தை மதிப்பிடுவது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் இரவில் நின்று சேலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். கீழே சிதறிக் கிடக்கும் விளக்குகளில் அடிவாரத்துச் சோதனைச் சாவடியுடையது எது, ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள கோபுரத்துடையது எது என்று முதல் பார்வையில் சொல்ல முடியாது. பளிச்சென்று தெரிவது அருகில் இருப்பதாகவும், மங்கலாகத் தெரிவது தொலைவில் இருப்பதாகவும் மனம் தானே முடிவு செய்துகொள்ளும். கடலில் இந்த முடிவு ஆளைக் கொல்லும். தொலைதூரத்தில் கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் ஏராளமான விளக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கின்றன. வடக்கே தாய்லாந்துப் பக்கத்தில் அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் அத்தகைய படகுகளால் வானமே பச்சையாகத் தெரிந்தது. அதே நேரத்தில், நூறு மீட்டர் தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மரப் படகில் இருப்பது ஒற்றைப் பாட்டரி விளக்கு. எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரியாது.

பெரிய கப்பல்களின் விளக்குகளில் ஒரு மொழி உண்டு. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இவை ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகை வரை மட்டும் தெரியும். பின்னால் ஒரு வெள்ளை விளக்கு 135 பாகைக்குத் தெரியும். ஆகவே அருகில் ஓடும் கப்பலில் அந்தப் பின்விளக்கு மட்டும் தெரிந்தால், நாம் அதன் பின்புறத்தைப் பார்க்கிறோம். பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால் நம் மேலேயே வருகிறது. இழுவலைப் படகு என்றால் வெள்ளைக்கு மேலே பச்சை, மற்ற வலைகள் என்றால் வெள்ளைக்கு மேலே சிவப்பு. அதைவிட முக்கியமான ஒரு சோதனையை மருமகன் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "மாமா, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாம, அந்த விளக்கை இந்தக் கம்பிக்கு நேரா வெச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கம்பிக்கு முன்னாலயோ பின்னாலயோ நகர்ந்திருந்தா கவலை இல்ல. அதே இடத்துல நின்னுச்சுன்னா என்னை எழுப்புங்க" என்றார். படகு நேராக ஓடும்வரை, நகராமல் நிற்கிற விளக்குதான் மோத வருகிற விளக்கு. இதையே திசைகாட்டியின் பாகை கொண்டு பார்க்கச் சொல்கிறது அந்தப் பன்னாட்டு விதி. கேட்டபோது எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது. அசைவதைக் கண்டுதானே நாம் அஞ்சிப் பழகியிருக்கிறோம்.

கண்ணும் இருட்டுக்குப் பழக வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண் முழுமையாக இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அந்த முப்பது நிமிட உழைப்பை ஒரு கைப்பேசித் திரை ஒரே நொடியில் அழித்துவிடும். அதனால் படகினுள் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பதிவேட்டையும் அந்த வெளிச்சத்தில்தான் எழுதினேன். மிக மங்கலான ஒளியை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். களத்துக் காவல்காரர்கள் காட்டுமாட்டைப் பார்க்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு பார்ப்பது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. தங்கள் கட்டுரையின் படங்களில் இளைஞர்கள் இரவுக் கடலில் கைப்பேசியில் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் காவல் பார்த்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் முறை அதிகாலை 2 மணிக்குத் தொடங்கியது. மிதவை அங்கியின் மேல் ஒரு பட்டையை மாட்டி, அதன் கொக்கியைப் படகின் இரும்பு வளையத்தில் பூட்டிய பிறகுதான் மருமகன் கீழே இறங்கினார். இரவில் யாராக இருந்தாலும் இந்தக் கொக்கி இல்லாமல் மேலே வரக் கூடாது. படகு 5 நாட் வேகத்தில் ஓடும்போது ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் உணர்ந்து படகைத் திருப்ப ஒரு நிமிடம் ஆனாலே அவர் 150 மீட்டர் பின்னால் போய்விடுகிறார். இருட்டில் அத்தனை தூரத்தில் ஒரு தலையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆண்கள் படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. சிரிக்க வேண்டாம், அப்படி நின்று தவறி விழுவது படகோட்டிகளுக்குப் பழைய கதை.

அமைதியான நேரம் அது. படகு கிழித்துச் செல்லும் நீரில் ஒளிரும் நுண்ணுயிர்கள் பச்சை நிறத்தில் மின்னின. துருவ நட்சத்திரம் எங்கள் முதுகுப் பக்கம், அடிவானத்துக்கு வெறும் ஆறு பாகை மேலே, மூட்டத்தில் கிட்டத்தட்ட மறைந்து கிடந்தது. ஏற்காட்டில் அது பன்னிரண்டு பாகை உயரத்தில் நிற்பதைப் பார்த்துப் பழகியவனுக்கு அது ஓர் அந்நியமான காட்சிதான். முன்னே, படகின் மூக்குக்குச் சற்று வலப்புறம், தெற்குச் சிலுவை நிமிர்ந்துகொண்டிருந்தது. 3 மணிக்கு நிலையைக் குறித்தபோது, இடப்பக்கம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்தில் கெடா மாநிலத்தின் ஜெராய் மலை இருக்க வேண்டும் என்று வரைபடம் காட்டியது. கரை விளக்குகளின் மங்கல் ஒளிக்கு மேலே நட்சத்திரம் இல்லாத ஒரு சிறு கருந்திட்டாக அது தெரிந்தது. அதன் உயரம் 1,217 மீட்டர். நம் சேர்வராயன் முகட்டைவிட நானூறு மீட்டர் குறைவு. ஆனால் கடலோரத்தில் தனித்து நிற்பதால், வானம் தெளிந்த பகலில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த பழைய மரக்கலங்களுக்கு அதுவே அடையாளம். 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் படை சென்று தாக்கிய கடாரம் அந்தக் கடற்கரைதான். மலையின் தெற்கே புஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் உள்ளன. பள்ளியில் ஒரே வரியில் மனப்பாடம் செய்த செய்தி. அந்தக் கப்பல்களிலும் யாரோ ஒருவர் இந்த நேரத்தில் விழித்துக்கொண்டு, இந்தக் கருந்திட்டைத் தேடிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே பதிவேட்டை மூடினேன்.

அதன் பிறகு நான் உறங்கிவிட்டேன்.

எப்போது கண் மூடியது என்று தெரியாது. உட்கார்ந்தபடியே உறங்கியிருக்கிறேன். யாரோ கத்தும் சத்தம் கேட்டு விழித்தபோது, இடப்பக்கம் முன்னால், முப்பது மீட்டர்கூட இருக்காது, ஒரு கைவிளக்கு மேலும் கீழுமாக ஆடியது. வலை விரித்துவிட்டு அதன் நுனியில் காத்திருந்த ஒரு சிறு மீன்பிடிப் படகு. அதில் இருந்தவர் எழுந்து நின்று, எங்கள் பாயின் மீது வெளிச்சம் அடித்துக்கொண்டே மலாய் மொழியில் திட்டிக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் பொருள் புரிந்தது. நான் எழ முயன்றேன். கொக்கியின் பட்டை இழுத்து என்னை மறுபடி உட்கார வைத்தது. அதற்குள் என் காலடியிலேயே, காலணியைக் கழற்றாமல் படுத்திருந்த சீன நண்பர் எழுந்து, தானியங்கியை நிறுத்தி, சுக்கானைச் சுழற்றிவிட்டார். படகு காற்றை நோக்கித் திரும்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. வலையின் மிதவைகளாகக் கட்டப்பட்டிருந்த பிளாஸ்டிக் குடுவைகள் வரிசையாக, கைக்கெட்டும் தூரத்தில், எங்கள் வலப்பக்கமாக நழுவிப் போயின. அவற்றில் ஒன்றில் மட்டும் ஒரு சிறு விளக்கு மினுங்கியது. பாயில் ஓடியதால் எங்கள் இயந்திரம் அணைந்திருந்தது. அது ஓடிக்கொண்டிருந்து, வலை விசிறியில் சுற்றியிருந்தால், அவருடைய அன்றைய பிழைப்பும் எங்கள் பயணமும் அங்கேயே முடிந்திருக்கும்.

மருமகன் மேலே வந்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "பரவாயில்ல மாமா, நீங்க போய்ப் படுங்க" என்றார். நான் படுக்கவில்லை. முதல் முறை காவல் பார்ப்பவர் உறங்கிவிடக்கூடும் என்று எண்ணித்தான் நண்பரை என் காலடியில் படுக்க வைத்திருந்தார் என்பது அப்போது எனக்கு உறைத்தது. தங்கள் கட்டுரை சொல்வதுபோல அனைவரும் உறங்கியிருந்தால், அந்த மீனவரின் கைவிளக்கைத் தவிர எங்களைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. அந்தப் படகில் இருந்தவர் உறங்கியிருந்தால் அதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் கட்டுரையின் இரண்டாவது செய்தி வருகிறது. பாய்மரப் படகுக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்பது பாதி உண்மை. அதே பன்னாட்டு விதிகளின் பதினெட்டாம் விதிப்படி, இயந்திரத்தால் ஓடும் கலம் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும். ஆனால் பாய்மரப் படகு, மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கும், கட்டுப்பாட்டை இழந்த கலத்துக்கும், தன் பணியின் காரணமாக எளிதில் திரும்ப இயலாத கலத்துக்கும் வழிவிட வேண்டும். எங்கள் நிகழ்ச்சியில் வழிவிட வேண்டியவர்கள் நாங்களே. குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய பெரிய கப்பலைப் பாய்மரப் படகு தடுக்கக் கூடாது என்று ஒன்பதாம் விதி கூறுகிறது. துறைமுக வாயில்களை நெருங்கும்போது இதை மறக்கக் கூடாது. இன்னொன்று: பாய் விரித்திருந்தாலும் இயந்திரத்தை ஓட்டிவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது பாய்மரப் படகே அல்ல. காற்று குறைந்த இரவில் எல்லாப் படகுகளும் இயந்திரத்தைத்தான் ஓட்டுகின்றன. மேலும், பன்னாட்டுக் கடலில் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பதால் அவை நம் திரையில் தெரியும். அந்த மீனவரின் மரப் படகு எந்தத் திரையிலும் தெரியாது. திரையைப் பார்த்துக் கடல் காலியாக இருப்பதாக நம்புகிறவர்கள் அவரைத்தான் இடிப்பார்கள்.

மூன்றாவது செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அப்படியல்ல. சுமத்திராத் தீவின் பக்கத்தில் இரவில் உருவாகும் இடிமழை மேகங்கள் ஒரே வரிசையாகத் திரண்டு, மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மலேசியக் கரையைத் தாக்கும். அவற்றுக்குச் 'சுமத்திரா' என்றே பெயர். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று காற்று அடிக்கும். முழுப் பாயை விரித்துக்கொண்டு எல்லோரும் உறங்கும் படகில் அது வந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரையாளர் தம் படகோட்டியிடம் கேட்டிருக்கலாம். இருட்டில் மேகம் வருவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கத்து நட்சத்திரங்கள் கீழிருந்து மேலாக மறைந்துகொண்டே வருவதுதான் அடையாளம். அதைப் பார்ப்பதற்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

இப்போது சேலத்தில் புதிய பேருந்து நிலையப் பக்கத்திலும் நாலு ரோட்டிலும் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் நிறையத் தென்படுகின்றன. அந்தமான், மாலத்தீவு, லங்காவி என்று கடல் பயணங்கள் நம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டன. நல்லதுதான், மேட்டூர் அணையையே கடல் என்று நினைத்து வளர்ந்த என் போன்றவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய உலகம் அது. நானே வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் போவேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், இரவில் யார் யார் எத்தனை மணி நேரம் காவல் பார்ப்பார்கள், இரவில் மேலே வருகிற ஒவ்வொருவருக்கும் கொக்கிப் பட்டை உண்டா, துறைமுகத்தைப் பகலில் அடையும்படி புறப்படுவார்களா என்று படகுக்காரரிடம் கேட்க வேண்டும். படகோட்டி ஒருவரே, மற்றவர்கள் விருந்தினர்கள் என்று பதில் வந்தால், பன்னிரண்டு மணி நேரமும் அவர் ஒருவரே விழித்திருக்கப் போகிறாரா என்றும் கேட்க வேண்டும். அவர் ஆம் என்று சொன்னால் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில் மேற்கண்ட மூன்று செய்திகளுக்கும் திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் கண்ட அழகைப் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. விடியலில் பினாங்கு மலையின் பின்னாலிருந்த இருட்டு நீலமாகி, 1883-இல் கட்டப்பட்ட முக்கா முனைக் கலங்கரை விளக்கத்தின் ஒளி வெளிறிப் போனதை நானும் பார்த்தேன். அவர் எழுதியதைவிட அது அழகாகவே இருந்தது.

அன்றிரவு நான் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தின் நகலை மருமகனிடம் கேட்டு வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். 2.00, 2.30, 3.00 ஆகிய நேரங்களுக்கு எதிரே என் கையெழுத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. 3.30-க்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை. பிறகு நிரப்பிவிடலாமா என்று மறுநாள் கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.